கவர்ந்தது யார்?

"இந்த லீவுக்கு எத்தனை இடம் கவர் பண்ணினீர்கள்?"

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில், மதுரையில் இரண்டு குடும்பங்கள் சந்தித்துக் கொண்டால் தவறாமல் எழுகிற கேள்வி இது. "ஏழு இடம்" என்று பதில் சொல்கிறவர் நெஞ்சு நிமிர்கிறது. "ஓர் இடந்தான் போனோம்" என்பவர் ஏதோ ஏழைச் சொல் சொல்லிவிட்டவர் போல் தலை குனிந்து கொள்கிறார்.

'கவர்' என்பது ஆங்கில வார்த்தை. ஆனால் நம் மொழியிலும் அதே ஒலியில் ஒரு சொல் இருக்கிறது. கவர்தல் என்றால் மனத்தை ஈர்த்தல் என்று ஒரு பொருள். பறித்துக் கொள்ளுதல் என்று மற்றொரு பொருள். ஆநிரை கவர்தலும் கவர்தல்தான். கடலும் மலையும் நம்மைக் கவர வேண்டும் என்பதற்காகத்தான் நாம் வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்படுகிறோம். போன இடத்தில் நடப்பதோ நேர்மாறு: நாம் அவற்றைக் கவர்ந்து கொண்டு வருகிறோம். இந்த வித்தியாசத்தை எடுத்துச் சொன்னால் சில நண்பர்களுக்குக் கோபம் வரும். வரட்டும். சொல்லாமலிருப்பதால் வரும் நஷ்டம் அதைவிடப் பெரிது.

மதுரைக்காரனின் தண்ணீர் ஆசை நியாயமானது. சமவெளியின் நடுவே, வருஷத்தில் பல மாதங்கள் மணல் தெரியக் கிடக்கும் வைகையின் கரையில் வாழ்கிறவன் அவன். அலையைக் காணவேண்டுமென்றால் கிழக்கே ஏறக்குறைய 160 கிலோமீட்டர் பாம்பனுக்குப் போக வேண்டும். பேரருவியில் நனைய வேண்டுமென்றால் தென்மேற்கே ஏறக்குறைய அதே தூரம் குற்றாலத்துக்குப் போக வேண்டும். அந்த ஆசையை யாரும் பழிக்க முடியாது. அந்த ஆசைக்கு இப்போது கட்டப்பட்டிருக்கும் கால அட்டவணையைத்தான் பழிக்கிறேன்.

அட்டவணை இப்படி ஓடுகிறது. விடியற்காலை 4 மணிக்கு வேன் புறப்படும். 8 மணிக்குள் பாம்பன் பாலம். பாலத்தின் மேலேயே வண்டியை நிறுத்திப் பின்னால் வருகிறவர்களின் வசவுகளோடு நாலு புகைப்படம். அப்புறம் படகு, தீவு, மூச்சுக்குழலை வாயில் கவ்விக்கொண்டு நீருக்குள் முகம் கவிழ்த்து மிதக்கும் ஸ்நார்கெலிங். பிற்பகல் 1 மணிக்கு ஈரத் துணியோடு மீண்டும் வண்டி. மாலையில் அருவி. குற்றாலம் வரை போக நேரமில்லாவிட்டால் வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் சிறுமலை அடிவாரத்துக் குட்லாடம்பட்டி அருவியாவது கணக்கில் சேர வேண்டும். மழை பெய்திருந்தால் அங்கே தண்ணீர் விழும்; மற்ற மாதங்களில் உலர்ந்த பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். அதனாலென்ன? பாறையையும் 'கவர்' பண்ணியாயிற்று! இரவு வீடு திரும்பும்போது மீட்டரில் சுமார் 400 கிலோமீட்டர் ஓடியிருக்கும். விழித்திருந்த பொழுதில் பாதி, முன் இருக்கையின் முதுகைப் பார்த்தே கழிந்திருக்கும்.

இதற்கு இன்பச் சுற்றுலா என்று பெயர். இதையே ஒரு முதலாளி சம்பளம் கொடுத்துச் செய்யச் சொன்னால் தொழிற்சங்கம் கொடி பிடித்துவிடும்.

களைப்பு போகிறவர்களின் சொந்த விஷயம் என்று விட்டுவிடலாம். போகப்படுகிற இடம் யாருடைய சொந்தமும் அல்லவே! தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை மன்னார் வளைகுடாவில் சரம் கட்டியதுபோல் 21 தீவுகள் எண்ணப்பட்டன. 1986-இல் அவற்றையும் சுற்றியுள்ள கடலையும் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அந்த 21-இல் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரண்டு தீவுகள் இன்று நீருக்குள் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகவும் ஆலைகளுக்காகவும் பல பத்தாண்டுகள் பவழப் பாறைகளை வெட்டி எடுத்ததை அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். அலையைத் தடுத்து நின்ற பவழம் போயிற்று. பவழம் தாங்கிய தீவும் போயிற்று. நம் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு வேண்டியிருந்த காலத்தில் ஒரு விதமாகக் கவர்ந்தோம். இப்போது பொழுதுபோக்கு வேண்டியிருக்கிறது. வேறு விதமாகக் கவர்கிறோம்.

பவழம் கல் அல்ல என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தெரியும், பெரியவர்களுக்குத்தான் மறந்துவிடுகிறது. கோடிக்கணக்கான சிற்றுயிர்கள் கூடிக் கட்டிக்கொண்ட வீடு அது. அந்த உயிர்களின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்ணிய பாசிதான் அவற்றுக்குச் சோறும் நிறமும் தருகிறது. கடல் அளவுக்கு மீறிச் சூடானால் பாசி வெளியேறிவிடும், பவழம் வெளுத்துப்போகும், சூடு நீடித்தால் செத்துப்போகும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் அப்படிப் பெருமளவில் வெளுத்தது. பாறைபோல் திரண்டு வளரும் பவழ வகைகள் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். ஒரு சாண் உயரம் வளர ஏறக்குறைய இருபது வருஷம். கால் வலிக்கிறதென்று அதன் மேல் ஏறி நின்று உயிர்த்தோலை நசுக்க ஒரு விநாடி போதும். அவசரத்தில் இருக்கிறவனுக்கு இருபது வருஷம் கண்ணில் படுவதில்லை. அவனுக்குத் தெரிவதெல்லாம் வேன் டிரைவர் அடிக்கிற ஹாரன்தான்.

குந்துகால் துறையிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறையின் ஏற்பாட்டில் படகுச் சுற்றுலா அண்மை ஆண்டுகளில் தொடங்கப்பட்டது. நல்ல காரியந்தான். கட்டுப்பாட்டோடு மக்கள் பார்க்கட்டும். ஆனால் எப்படிப் பார்க்கிறோம்? கிரேவ்லி என்னும் ஆங்கிலேயர் சென்னை அரசாங்க அருங்காட்சியகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த காலத்தில், 1927-இல், இந்தச் சின்னஞ்சிறு தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றி மட்டும் ஒரு தனி நூல் வெளிவந்தது. ஒரு தீவு, ஒரு புத்தகம்! அந்நியர்கள் அத்தனை பொறுமையோடு குனிந்து பார்த்த மணலில், மதுரைப் பிரயாணி அரைமணி நேரம் நிற்கிறார். அதிலும் முக்கால் பங்கு, தீவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தம்மையே படம் எடுத்துக்கொள்கிறார்.

அங்கே அவர் பார்க்கத் தவறுகிற மனிதர்களும் உண்டு. பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலம் போன்ற மீனவக் குப்பங்களின் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இந்தக் கடலில் முங்கிப் பாசி எடுக்கிறவர்கள். கண்ணில் ஒரு கண்ணாடி, பாறை கிழிக்காதிருக்க விரல்களில் துணிச் சுற்று, இடுப்பில் ஒரு பை. வாடகைக்கு எடுத்த மூச்சுக்குழல் அவர்களுக்குக் கிடையாது, சொந்த மூச்சுதான். நோன்புக் காலத்தில் நம் ஊரில் பல வீடுகளில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி வெட்டி வைக்கிறார்களே, கடல்பாசி, அந்தப் பண்டத்தின் மூலப்பொருள் இப்படி மூச்சடக்கிப் பறிக்கப்படுவதுதான். தேசியப் பூங்கா வந்தபின் தீவுகளின் பக்கம் போனால் அவர்களைத் தடுத்தார்கள். பாட்டி காலத்திலிருந்து போய்வந்த கடலில் பேத்தி குற்றவாளியானாள்.

அந்தப் பெண்கள் செய்ததைக் கேளுங்கள். மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே பாசி எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே ஒரு வரம்பு கட்டிக்கொண்டார்கள். பாசி மறுபடி வளர வேண்டும், பவழம் பிழைக்க வேண்டும் என்பதற்காக! சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி என்னும் அயல்நாட்டு அமைப்பு பரிசு கொடுத்துக் கௌரவித்தது. நாள் முழுவதும் உழைத்தால்தான் அடுப்பு எரியும் என்கிற நிலையில் இருப்பவர்கள், 'இத்தனை நாள் போதும்' என்று கடலுக்காகக் கையைச் சுருக்கிக்கொள்கிறார்கள். மாதச் சம்பளமும் வங்கியில் சேமிப்பும் உள்ள நமக்கு, 'ஒரு நாளுக்கு ஓர் இடம் போதும்' என்று சொல்ல மனம் வரவில்லை. இந்த இரண்டில் எது படிப்பு, எது பாமரத்தனம்? வாசகர்களே தீர்ப்புச் சொல்லட்டும்.

கடலுக்கு நேர்ந்த கதிதான் அருவிக்கும். குற்றாலத்தில் எண்ணெயும் சோப்பும் ஷாம்புவும் கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே தலையிட்டுத் தடுக்க வேண்டியிருந்தது. மலையில் மூலிகைகளைத் தொட்டு வருகிறதென்று நாமே பெருமை பேசும் தண்ணீரில், நாமே அழுக்கையும் நுரையையும் கலந்து கீழே இருக்கிற ஊர்களுக்கு அனுப்புகிறோம். அவர்கள் அதே சிற்றாற்றை நம்பி வாழ்கிறவர்கள் என்ற நினைவு நமக்கு இல்லை. இருக்கவும் முடியாது. அதற்குள் வண்டி தென்காசியைத் தாண்டிவிட்டது.

அவசரத்துக்கு அருவி கொடுக்கக்கூடிய விலை இன்னும் கொடியது. காலடியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே மலையில் மழை கொட்டும். சில நிமிஷங்களில் நீர் செம்மண் நிறமாகிப் பெருகும். 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் பாய்ந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறி ஓடினார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு மாண்டான். அந்தப் பிள்ளையின் மேல் பழி சொல்ல யாருக்கும் நாக்கு எழக்கூடாது, நானும் சொல்லவில்லை. அவனுடைய மரணம் நமக்கு உணர்த்துவதை மட்டும் சொல்கிறேன்: மலை தன் கணக்கில் நடக்கிறது, நம் அட்டவணையில் அல்ல. "இன்று தண்ணீர் எப்படி?" என்று உள்ளூர்க் கடைக்காரரிடம் கேட்கவும், காவலர் விசில் ஊதினால் முணுமுணுக்காமல் விலகி நிற்கவும், 'இன்று வேண்டாம்' என்று திரும்பவும் கையில் நேரம் வேண்டும். இத்தனை தூரம் வந்து குளிக்காமல் போவதா என்கிற எண்ணந்தான் மனிதனை விலகவிடாமல் பிடித்து நிறுத்துகிறது. அந்த எண்ணத்தை உண்டாக்குவது ஒரே நாளில் எல்லாம் என்கிற பேராசை.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். "வருஷத்தில் கிடைப்பதே நாலு நாள் லீவு, நடுத்தரக் குடும்பத்தால் ஊர் ஊராய்த் தங்க முடியுமா?" என்பார்கள். முடியாதுதான். அதனால்தான் ஓர் இடம் என்கிறேன். இரண்டு இடத்துக்கு ஓடும் டீசல் செலவில் ஓர் இடத்தில் சாவகாசமாகச் சாப்பிட்டு, ஒரு மரத்தடியில் சற்றுத் தலை சாய்த்துவிட்டு வரலாம். "குழந்தைகளுக்கு எல்லாவற்றையும் காட்ட வேண்டாமா?" என்பார்கள். குழந்தைக்கு எல்லாம் வேண்டியதில்லை. மணலில் ஒரு நண்டு வளை கிடைத்தால் அது மாலை வரை அங்கேயே உட்கார்ந்திருக்கும். "நேரமாச்சு, எழுந்திரு" என்று கையைப் பிடித்து இழுக்கிறவர்கள் நாம்தான். "சுற்றுலா வளர்ந்தால் அங்குள்ளவர்களுக்குப் பிழைப்பு" என்பது மூன்றாவது வாதம். மதுரையிலிருந்தே புளியோதரை கட்டிக்கொண்டு போய், பொட்டலத் தாளை அங்கே போட்டுவிட்டு, அரைமணியில் திரும்பி ஓடுகிறவனால் யாருக்கு என்ன பிழைப்பு? ஒரு பொழுது தங்குகிறவன் அங்கே மீன் சோறு சாப்பிடுவான். படகுக்காரரோடு நாலு வார்த்தை பேசுவான். விற்கிறவர்களுக்கு வேண்டியவன் அவன்தான்.

மெதுவாகப் போவது மதுரைக்குப் புதிய பாடமும் அல்ல. அழகர்மலையிலிருந்து வைகைக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம். வண்டியில் போனால் முக்கால் மணி. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் அந்தத் தூரத்தை எப்படிக் கடக்கிறார்? வழியெல்லாம் மண்டபம், மண்டபந்தோறும் நிற்கிறார், எளியவன் கட்டிய மண்டகப்படியிலும் நின்று மரியாதை பெற்று, இரவெல்லாம் நடந்து, ஆற்றில் இறங்குகிறார். தெய்வத்துக்கே அவசரமில்லாத ஊர் இது. குற்றாலத்திலேயே குடியிருந்து, வருகிறவர்களையெல்லாம் அருவியையும் கவிதையையும் நிதானமாக அனுபவிக்கச் செய்த ரசிகமணி டி.கே.சி.யும் இந்தத் தென்பாண்டிச் சீமைக்காரர்தான். ரசனை என்பது நம் சொத்தாக இருந்தது. அதை விற்று நாம் வாங்கிக்கொண்டது நாலு நூறு கிலோமீட்டர் தார்ச்சாலை.

ஆகவே வாசகர்கள் அடுத்த விடுமுறைக்குத் திட்டம் போடும்போது தாளில் எழுதிய இரண்டு பெயர்களில் ஒன்றைத் துணிந்து அடித்துவிடுங்கள். கடலென்றால் கடல், அருவியென்றால் அருவி. கடலுக்குப் போனால் பவழத்தின் மேல் காலை வைக்காதீர்கள். யார் விற்றாலும் அதை வாங்காதீர்கள். அது சட்டப்படியும் குற்றம். கரையில் பாசி உலர்த்துகிற பெண்களைக் கண்டால் படம் எடுப்பதற்கு முன்னால் "இன்று பாசி எப்படி அம்மா?" என்று கேளுங்கள். அருவிக்குப் போனால் சோப்பை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்தபின் யாராவது எத்தனை இடம் என்று கேட்டால், "ஒன்று" என்று தலை நிமிர்ந்து சொல்லுங்கள்.

"அந்த ஒன்று என்ன?" என்று அவர் கேட்கக்கூடும். அப்போது சொல்வதற்கு உங்களிடம் ஏதாவது இருக்கும்.