பாதி விலைக் குட்டி

"ரொம்பச் சாதும்மா இது! பக்கத்தில் பட்டாசு வெடித்தால்கூட அசையாது!" என்று நாய்க்குட்டி விற்பவர் சொன்னால், சகோதரிகளே, கொஞ்சம் உஷாராக இருங்கள். அது சாதுக் குட்டியாக இல்லாமல், காது கேளாத குட்டியாக இருக்கலாம்.

நம் ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால் தலையே வெளியிட்டார்கள். வெள்ளை உடலும் ரோஜா நிற மூக்குமாக என்ன அழகு! அந்த அழகுக்குத்தான் விலை. உடலுக்கு நிறம் தரும் உயிரணுக்கள் உட்காதுக்குள்ளும் இருக்க வேண்டும். தூய வெள்ளையே வேண்டுமென்று தலைமுறை தலைமுறையாக இணை சேர்த்ததில், சில குட்டிகளுக்கு அவை அங்கே இல்லாமல் போய்விடுகின்றன. பிறந்த சில வாரங்களில் காது கேட்காமல் போகிறது. புள்ளி போட்ட டால்மேஷியனுக்கும் இதே கதைதான். அமெரிக்காவில் சோதித்துப் பார்த்ததில், நூற்றுக்குச் சுமார் 8 குட்டிகளுக்கு இரண்டு காதும், 22 குட்டிகளுக்கு ஒரு காதும் கேட்கவில்லை. இதற்கு மருந்து கிடையாது.

கூட்டத்தில் இது தெரியாது. மற்றக் குட்டிகள் ஓடினால் இதுவும் கூடவே ஓடும். ஆகவே தனியே பிரித்து வைத்து, அது தூங்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரையைத் தட்டாதீர்கள், அதிர்ச்சியிலேயே விழித்துக்கொள்ளும். ஒரு காது மட்டும் கேட்காததை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கென்று கருவி இருக்கிறது. குட்டிக்கு ஐந்தாறு வாரமானதும் சோதிக்கலாம்.

ஒரு காது கேட்டால் கவலையில்லை. மற்ற நாய்களைப் போலவே வளரும். இரண்டும் கேட்காவிட்டால்?

என் சிநேகிதி வீட்டில் இதே கேள்வி வந்தது. குழந்தைகள், "ஐயோ பாவம், வாங்கும்மா!" என்றார்கள். மாமியார், "காசு கொடுத்துக் கவலையை வாங்குவானேன்?" என்றார். எனக்கு இரண்டு பேச்சிலும் நியாயம் தெரிந்தது. தெருக்கதவு திறந்தே கிடக்கும் வீடானால் வேண்டாம். அதற்கு மோட்டார் ஹாரன் கேட்காது. தவழும் குழந்தை இருந்தாலும் வேண்டாம். தூங்கும்போது தொட்டால் திடுக்கிட்டுக் கடித்துவிடக்கூடும். சிநேகிதியின் வீடோ மாடி வீடு, குழந்தைகளும் பெரியவர்கள். 'வா', 'உட்கார்', 'கூடாது' என்பதற்கெல்லாம் கைச் சைகை காட்டிப் பழக்கினார்கள். வீட்டில் எல்லோரும் ஒரே சைகையைக் காட்ட வேண்டும் என்பதுதான் முக்கியம். கடைசியில் அதை மிக நன்றாகக் கற்றுக்கொண்டவர் மாமியார்தான்!

பாதி விலை என்பதற்காக மட்டும் யாரும் வாங்க வேண்டாம். இரக்கப்பட்டு வாங்குகிறவர்களுக்கு இன்னும் ஒரு கடமை உண்டு. அந்த நாய் குட்டி போடாதபடி டாக்டரிடம் சொல்லி ஆபரேஷன் செய்துவிடுங்கள். அதே தாய் தந்தையை மறுபடியும் இணை சேர்க்க வேண்டாம் என்று விற்பவரிடமும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஈற்றிலும் ஒரு 'சாதுக் குட்டி' பாதி விலைக்குக் காத்திருக்கும்.