லாரித் தண்ணீர் கேட்காத பூ!

சென்னை ஜனங்கள் 2019-ம் ஆண்டு கோடையை மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய 4 ஏரிகளும் வறண்டன. ஜோலார்பேட்டையில் இருந்து ரெயிலில் தண்ணீர் வந்தது.

அப்படிப்பட்ட ஊரில், ரோட்டு நடுத்திட்டில் வைக்கும் அழகுச் செடிகளுக்கு லாரியில் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. லாரி வராவிட்டால் செடி கருகிவிடும். மறுபடி புதுச் செடி, மறுபடி செலவு! ஊற்றுவது குடிதண்ணீராக இல்லாவிட்டாலும் டீசலும் கூலியும் வரிப்பணம்தானே?

யாரும் நடாத செடி

அதே ரோட்டோரம், சுவர் இடுக்கில் நித்தியகல்யாணி பூத்துக் குலுங்குகிறது. நட்டது யார்? யாரும் இல்லை! தண்ணீர் விட்டது யார்? அதுவும் இல்லை!

மெல்லிய காய் முற்றி வெடிக்கும். கறுப்பு விதை சிதறும். மழை பெய்தால் முளைத்துவிடும். 2, 3 மாதத்தில் பூ! இலையில் நச்சு இருப்பதால் ஆடு மாடு வாய் வைப்பதில்லை. வேலிச் செலவும் மிச்சம்.

அந்திமந்தாரையும் இதே ரகம்தான். மிளகு போன்ற விதை தானே கொட்டும். மண்ணுக்குள் கிழங்கு இருப்பதால், மேலே காய்ந்தாலும் மழைக்கு மறுபடி துளிர்க்கும். ஆபீஸ் விட்டு ஜனங்கள் வீடு திரும்பும் நேரத்தில் பூக்கும்.

"சுடுகாட்டுப் பூ"

நித்தியகல்யாணியை "சுடுகாட்டுப் பூ" என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. "வீட்டு வாசல்லே அது எதுக்கு? பிடுங்கிப் போடு" என்பார்கள்.

ஆனால், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தை 1958-ல் கனடாவில் இந்தச் செடியில் இருந்துதான் பிரித்தெடுத்தார்கள். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டினும் இதில் இருந்து வந்ததுதான். உயிர் காக்கும் செடிக்குச் சுடுகாட்டுப் பெயரா? (அதற்காக வீட்டில் கஷாயம் போட்டுக் குடித்துவிடக் கூடாது. ஆபத்து!)

என்ன செய்யலாம்?

தண்ணீர் தேங்கினால் நித்தியகல்யாணியின் வேர் அழுகும். நடுத்திட்டு மேடான இடம் என்பதால் அங்கே அந்தக் கவலை குறைவு. ஐப்பசி மழையை ஒட்டி விதை தூவினால் போதும். வேர் பிடிக்கத் தேவையான ஈரத்தை மழையே கொடுத்துவிடும். காய் முற்றி விதை விழும் வரை களை என்று வழித்து எறியாமல் இருந்தால், அடுத்த வருஷம் விதைக்கும் வேலையும் இல்லை.

மிச்சமாகும் காசு, குழாயில் தண்ணீர் வராத தெருவுக்குப் போகட்டும். அதிகாரிகள் யோசிப்பார்களா?