வசூல் ஏஜெண்டுகளை விரட்டுவது யார்?

"தமிழ் பேசத் தெரிந்தவர்கள் தேவை. எஸ்.எஸ்.எல்.சி. போதும்."

பெங்களூரில் வேலை தேடும் நம் இளைஞர்கள் இப்படிப்பட்ட அறிவிப்பைப் பார்த்து இருப்பார்கள். நேரில் போன பிறகுதான், அது பாங்கிகளுக்குக் கடன் வசூலித்துக் கொடுக்கும் கம்பெனி என்பது தெரியும். தவணை தவறியவர் தமிழர் என்றால் தமிழில் கேட்க வேண்டும். அதற்குத்தான் நம்மவர் தேவைப்படுகிறார்.

சம்பளம் சொற்பம், வசூலுக்கு ஏற்ற கமிஷன் உண்டு. தவணை தவறி 90 நாள் தாண்டினால் பாங்கிக் கணக்கில் அது வராக்கடன். ஆகவே அந்த நாளை நெருங்கும் கணக்குகளுக்காக மானேஜர் தலைமேல் நிற்பார்.

எங்கள் கவுண்டரில் டிக்கெட் எடுக்க வரும் தர்மபுரி வாலிபர் ஒருவர் சொன்னார்: "டார்கெட் எட்டாதவனை எல்லார் முன்னிலையிலும் நிற்க வைத்துத் திட்டுவார்கள் சார். அதைக் கேட்டுவிட்டு வந்து போனை எடுத்தால் வாயில் நல்ல வார்த்தை எப்படி வரும்?"

இது ரிசர்வ் வங்கிக்குத் தெரியாதது அல்ல. கடுமையான டார்கெட்டும் பெரிய ஊக்கத் தொகையும்தான் ஏஜெண்டுகளை மிரட்டலில் இறக்குகின்றன என்று 2008 ஏப்ரல் மாதச் சுற்றறிக்கையிலேயே அது எழுதியது. ஏஜெண்டுக்கு 100 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்றும் சொன்னது. அடியாட்களைக் கொண்டு வசூலிக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2007-லேயே கண்டித்து இருந்தது.

2022 ஆகஸ்டு 12-ந் தேதி இன்னொரு உத்தரவு வந்தது. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கடன்காரருக்குப் போன் செய்யக் கூடாது. அடுத்த மாதமே ஜார்கண்டில் ஹசாரிபாக் அருகே, டிராக்டர் கடனுக்காக வந்த ஏஜெண்டுகள் ஓட்டிய டிராக்டரில் சிக்கி ஒரு கர்ப்பிணிப் பெண் இறந்தார். அந்த நிதி நிறுவனம் வெளி ஏஜெண்டுகளை வைத்து வசூலிக்க ரிசர்வ் வங்கி தடை விதித்தது. சில மாதங்களில், 2023 ஜனவரியில், தடை நீங்கியது.

சொந்தப் போன்

உத்தரவு கடன்காரரைக் காக்கிறது. நல்லதுதான். ஆனால் டார்கெட் குறைந்ததா? "7 மணிக்கு மேல் ஆபீஸ் போன் வேண்டாம், உன் போனில் பேசு என்கிறார்கள்" என்றார் அந்த வாலிபர். ஆபீஸ் போன் பேச்சு பதிவாகும். சொந்தப் போன் பேச்சு கம்பெனிக் கணக்கில் வராது. புகார் போனால் போலீசார் முதலில் தேடுவது அந்த நம்பருக்கு உரியவரைத்தான்.

கர்நாடக அரசு 2025 பிப்ரவரியில் சிறுகடன் அவசரச் சட்டம் கொண்டு வந்தது. மிரட்டி வசூலித்தால் 10 ஆண்டு வரை ஜெயில், 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற பாங்கிகளும் நிதி நிறுவனங்களும் இதற்குள் வரா. எனவே பதிவு இல்லாத லேவாதேவிக்காரர்களுக்காக வசூலுக்குப் போகிறவர்கள்தான் அதிகம் பயப்பட வேண்டும். பாங்கிக்காகப் போகிறவர்களுக்கும், மிரட்டினால் சாதாரண கிரிமினல் சட்டம் இருக்கவே இருக்கிறது.

2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில், எல்லா ஊழியருக்கும் நியமனக் கடிதம் கட்டாயம். அந்த வாலிபரிடம், "கடிதம் இருக்கிறதா?" என்று கேட்டேன். கழுத்தில் தொங்கிய அட்டையைக் காட்டினார். அதில் அவர் போட்டோ இருந்தது; கம்பெனி விலாசம் இல்லை.