லிஸ்பனுக்கு அடுத்த பெருநகர்



திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் பேருந்தில் செல்வோர், செஞ்சி ஊரைக் கடந்ததும் குன்றுகளின் மீது வளைந்தேறும் மதிலைக் காண்பர். "கோட்டை வந்துவிட்டது" என்று கூறிவிட்டு நாம் மீண்டும் கண்ணயர்ந்து விடுகிறோம்.

1597ஆம் ஆண்டில் இங்கு வந்த இயேசு சபைக் குரு நிக்கோலாஸ் பிமெந்தா அடிகளாரோ இவ்வூரைக் கண்டு வியந்து நின்றார். லிஸ்பன் நீங்கலாகப் போர்த்துக்கல் நாட்டின் எந்நகரினும் செஞ்சி பெரிது என்று அவர் எழுதிவைத்தார். அந்நாளில் இங்கு ஆட்சி புரிந்தவர் கிருஷ்ணப்ப நாயக்கர்.

இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி எனும் மூன்று குன்றுகளையும் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீள மதில் இணைக்கிறது. சுமார் 800 அடி உயர இராஜகிரியின் உச்சியை எட்டுமுன் ஆழ்ந்த பிளவொன்று குறுக்கிடும். அதன்மீது இட்ட பாலத்தை அகற்றிவிட்டால் பகைவர்க்கு வழியில்லை. அடிவாரத்தில் கலியாண மகாலும், களஞ்சியங்களும், வேங்கடரமணர் ஆலயமும், சாதத்துல்லாகான் பள்ளிவாசலும் உள்ளன.

இத்துணை அரண் இருந்தும் கோட்டை பலமுறை கைமாறிற்று. 1649இல் பீஜப்பூர்ப் படையும், 1677இல் சிவாஜியும் இதனைக் கைப்பற்றினர். மொகலாயர் 1690இல் முற்றுகையைத் தொடங்கி 1698இல்தான் உட்புகுந்தனர். 1714இல் தேசிங்குராஜன் போர்க்களத்தில் வீழ்ந்தான். 1750இல் பிரெஞ்சுக்காரரும், 1761இல் ஆங்கிலேயரும் இதனை வென்றனர். அதன்பின் நகரம் படிப்படியே ஆளற்றுப் போயிற்று. கற்றூண்கள் கூட இடம்பெயர்ந்தன. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து நிற்பவை செஞ்சியின் தூண்களே என்பர்.

2025ஆம் ஆண்டு ஜூலையில், மராட்டியர் தொடர்புடைய பன்னிரு கோட்டைகளுள் ஒன்றாக யுனெஸ்கோ நிறுவனம் செஞ்சியை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அவற்றுள் பதினொன்று மராட்டிய மாநிலத்தில் உள்ளன. தமிழகத்தில் இருப்பது இது ஒன்றே.

இப்பெருமையைக் கேட்டு மகிழும் நாம், அங்கு சென்றபோது கண்டதையும் கூற வேண்டும். பழஞ்சுவர்களில் ஆணியால் கீறிய பெயர்கள்; படிகளில் எறிந்த உணவுப் பொட்டலங்கள். இவற்றைச் செய்தவர் எந்தப் பகைவரும் அல்லர், நாமேதாம்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வாழும் பெற்றோரே, வரும் விடுமுறையில் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்லுங்கள். காலையிலேயே ஏறத் தொடங்குங்கள். குடிநீரை உடன் கொண்டு செல்லுங்கள். இறங்கும்போது ஒரு குப்பையையேனும் கையில் எடுத்து வரச் செய்யுங்கள். எட்டாண்டு முற்றுகையைத் தாங்கிய அம்மதிலை வருந்தலைமுறைக்குக் காத்துக் கொடுப்பது நம் கடமையன்றோ?