துப்பறியும் நாவலும் விட்டுப்போன வாசிப்பும்

தமிழிலக்கியத்தைச் சிறப்புப் பாடமாகக் கொண்டு பயிலும் யாம், சென்ற கல்வியாண்டு முழுமையும் ஒரு நூலையேனும் முதலேடு தொடங்கி இறுதியேடு வரை வாசித்தோமில்லை. இதனைக் கல்லூரி மலரிலே அச்சேற்றுதற்கு நாணமாகவே இருக்கின்றது. தேர்வுக்குரிய குறிப்புகளை வாசித்தோம், உரைச்சுருக்கங்களை வாசித்தோம், கைப்பேசியில் கணந்தோறும் வந்து விழும் துணுக்குகளையும் அளவின்றி வாசித்தோம். நூலை மட்டும் வாசித்திலேம். பத்துப் பக்கம் செல்லுமுன் கண் ஏட்டிலும் கருத்து வேறிடத்திலுமாய் நின்றுவிடும். எம் வகுப்பினருட் பலர்க்கும் இந்நோய் உண்டென்பதை யாம் அறிவோம். அவர்தம் பெயரை ஈண்டு எழுதுதல் முறையன்று.

இந்நோய்க்குப் பெரியோர் கூறும் மருந்து ஒன்றே. பேரிலக்கியத்தைக் கையிலெடுத்தால் பிற தாமே ஒழியும் என்பர். யாமும் எடுத்தோம். சிலப்பதிகாரத்தைத் தொடக்கத்திலிருந்து வாசிக்கப் புகுந்து, அரங்கேற்று காதையில் நின்றுவிட்டோம். யாழும் குழலும் தாளமும் பற்றிய அக்காதையின் நுணுக்கங்கள் எம்மை வாயிலிலேயே தடுத்துவிட்டன. நெடுநாட் காய்ச்சலிற் கிடந்தவனுக்கு முதல் நாளே விருந்துச் சோறு இடுவாரில்லை; கஞ்சியே வார்ப்பர். வாசிப்பில் மட்டும் இம்முறையை நாம் மறந்துவிட்டது ஏனென்று தெரியவில்லை.

எமக்குக் கஞ்சி கிடைத்த இடம் மொரப்பூர். சோலையார்பேட்டையிலிருந்து சேலத்திற்குச் செல்லும் இருப்புப்பாதையில், தருமபுரி மாவட்டத்திலுள்ளது அவ்வூர். 1906-ஆம் ஆண்டு முதல் 1941-ஆம் ஆண்டு வரை ஆங்கிருந்து தருமபுரிக்குக் குறுகிய பாதையில் சிற்றிரயில் ஒன்று ஓடிற்று என்பதை ஊரார் இன்றும் பெருமையோடு கூறுவர். அவ்வூரில் வாழும் எம் சிறிய தகப்பனார் சேலத்து நூற்பாலை ஒன்றில் வேலை பார்த்தவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாள்தோறும் இரயிலிலேயே சென்று மீண்டவர். சென்ற கோடை விடுமுறையில் அவர் வீட்டுப் பரணிலிருந்து, சணற்கயிற்றாற் கட்டிய நான்கு கட்டுகளை இறக்கினோம். மாலைமதி, பாக்கெட் நாவல், க்ரைம் நாவல் என்னும் வெளியீடுகள் அவற்றில் இருந்தன. செல்லரித்தவை போக நூற்றுக்கு மேற்பட்டவை எஞ்சின.

வெயிலுக்கஞ்சி வெளியிற் செல்லாதிருந்த ஒரு நண்பகலில், வேறொன்றும் செய்ய இல்லாமையால் ஒன்றைப் பிரித்தோம். பொழுது சாயுமுன் முடித்துவிட்டோம். ஒரு நூலை முடித்தோம் என்னும் உணர்ச்சியே எமக்குப் புதிதாயிருந்தது. அன்றிரவே இரண்டாவதையும் முடித்தோம். மூன்றாவதில்தான் வந்தது வினை. மருத்துவர் ஒருவர் தம் வீட்டு மாடியில் நஞ்சுண்டு இறந்து கிடக்கின்றார், வீட்டிலிருந்தோர் அறுவர். கொலைஞன் இன்னானென்று துப்பறிவோர் சுட்டிக்காட்டக் கை நீட்டும் இடத்தில் ஏடு கிழிந்திருந்தது! பரண் முழுதும் தேடியும் அவ்வேடு அகப்படவில்லை. சிறிய தகப்பனாரைக் கேட்டோம். அவர், "கடைசி நேரத்துல ஸ்டேஷன் வந்திடுச்சு தம்பி, எறங்கிட்டேன், அப்புறம் பாக்கலையே" என்று கூறி நகைத்தார்.

வேறு வழியின்றி முதலிலிருந்து மீண்டும் வாசித்தோம். இம்முறை ஒரு வரியையும் விட்டிலேம். எந்தக் கதவு எப்பொழுது தாழிடப்பட்டது, காப்பியைக் கொண்டுவந்தவர் யார், கடிகாரம் நின்ற நேரம் என்ன என்பவற்றைத் தாளிற் குறித்துக்கொண்டோம். தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவராகிய யாம் எப்பாடநூலையும் அத்துணைக் கூர்மையோடு வாசித்ததில்லை. துப்பறியும் நாவல் வாசிப்பவனை ஒருவகையிற் கண்டிப்பான ஆசிரியரிடம் ஒப்புவிக்கின்றது. பிற கதைகளில் நான்கு வரியைத் தாண்டிச் செல்வோன் அகப்பட்டுக்கொள்வதில்லை. ஈண்டு அந்நான்கு வரியிலேயே திறவுகோல் கிடக்கும்; தாண்டினவன் இறுதியில் வெட்கப்படுவான்.

இரயில் நிலையத்திற்கும் இவ்வகை நாவலுக்கும் உள்ள தொடர்பு எம் ஊருக்கே உரியதன்று. இங்கிலாந்தில் 1934-ஆம் ஆண்டு ஆலன் லேன் என்னும் பதிப்பாளர், அகதா கிறிஸ்டி அம்மையாரின் இல்லத்திலிருந்து மீளும்போது எக்ஸிட்டர் நிலையத்தில் வாசிக்கத்தக்க மலிவு நூல் ஒன்றும் காணாமையாலேயே பெங்குவின் பதிப்பைத் தொடங்க எண்ணினார் என்று சொல்லப்படுகின்றது. 1935-இல் வெளிவந்த முதற் பத்து நூல்களில் கிறிஸ்டி அம்மையாரின் நாவல் ஒன்றும், டோரதி சேயர்ஸ் அம்மையாரின் நாவல் ஒன்றும் இருந்தன. அச்சேயர்ஸ் அம்மையாரே பின்னாளில் தாந்தேயின் பெருங்காப்பியத்தை ஆங்கிலமாக்கத் தொடங்கி, 1949-இல் முதற் பகுதியை வெளியிட்டவர். துப்பறியும் நாவலைத் தாழ்ந்தோர் வாசிப்பு என்பார் இதனையும் நினைவிற் கொள்க.

தமிழிலோ இதன் வரலாறு நாவலின் வரலாற்றோடு பின்னியே கிடக்கின்றது. பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879-இல் வெளியிட்ட வேதநாயகம் பிள்ளையவர்கள் முன்சீப்பாகக் குற்றமும் வழக்கும் கண்டவர். பதினைந்தாண்டு கழிந்து 1894-இல் நடேச சாஸ்திரியார் தானவன் என்னும் போலீஸ் நிபுணனைப் படைத்தார். பின்னர் ஆரணி குப்புசாமி முதலியாரும், ஜே. ஆர். ரங்கராஜுவும், வடுவூர் துரைசாமி ஐயங்காரும் எழுதிக் குவித்தனர். அவர்தம் நாவல்கள் இளைஞரைக் கெடுக்கும் என்று அக்காலத்துப் பத்திரிகைகள் கண்டித்தன. கண்டனம் மறைந்தது, வடுவூராரின் திகம்பர சாமியாரோ 1950-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்சார் எடுத்த திரைப்படத்தில் நம்பியாரின் உருவில் உலாவினார். தேவனின் துப்பறியும் சாம்பு, தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதா 1968-இல் நைலான் கயிறு நாவலில் அறிமுகம் செய்த வக்கீல் கணேஷ், ஆயிரத்தைந்நூறு நாவல்களுக்கு மேல் எழுதிய கோயம்புத்தூர் ராஜேஷ்குமாரின் விவேக் என்று அம்மரபு தொடர்ந்தது. இவர்களால் தமிழ் எழுத்தை நாள்தோறும் கையிற் பிடித்தவர் எத்தனை பேர் என்று எவரும் கணக்கெடுத்திலர்.

எனினும் அக்கட்டுகளிலுள்ள எல்லாவற்றையும் யாம் புகழவில்லை. பாதிக்கு மேற்பட்டவை எம்மைச் சினங்கொள்ளச் செய்தன. இளம்பெண்ணொருத்தியின் பிணத்தை முதற்பக்கத்திற் கிடத்திவிட்டு, அவள் யார், எதனை விரும்பினாள் என்று இறுதிவரை சொல்லாதவை பல. முன் எங்குமே தோன்றாத ஒருவனை இறுதி ஏட்டிற் கொண்டுவந்து கொலைஞனாக்குபவை சில. இங்கிலாந்தில் ரொனால்டு நாக்ஸ் என்னும் கத்தோலிக்கக் குருவானவர் 1929-இல் இவ்வகைக் கதைக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். குற்றவாளி கதையின் முற்பகுதியிலேயே தோன்றவேண்டும்; துப்பறிவோன் தான் கண்ட தடயத்தை வாசகனிடம் மறைத்தலாகாது; தற்செயல் நிகழ்ச்சி அவனுக்கு உதவலாகாது என்பன அவற்றுட் சில. விவிலியம் முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் அவரே. புதிதாக வாசிக்கத் தொடங்குவோர் அவர் வைத்த அளவுகோலையே வைத்துக்கொள்ளலாம். ஒரே அமர்வில் முடியத்தக்க சிறு நாவலாக இருத்தலும் நன்று. சாம்புவின் கதைகளில் தொடங்குவோர் நகைத்துக்கொண்டே தொடங்கலாம். ஆங்கில நாவலில் தொடங்குதல் பெருமையெனக் கருதும் நண்பர்கள் எம் விடுதியில் உள்ளனர்; அவர்கள் இன்னும் மூன்றாம் பக்கத்திலேயே இருக்கின்றனர்.

எம் ஆசிரியர் ஒருவரிடம் இதனைக் கூறியபோது, "அவ்வழியிற் சென்றோர் அங்கேயே தங்கிவிடுவர், மேலே ஏறார்" என்றார். அவர்பால் எமக்கு மிக்க மதிப்புண்டு. ஆயினும் எம் சிறிய தகப்பனாரை அவர் அறியார். இவர் இந்நாவல்களையன்றி வேறொன்றும் வாசித்தவரல்லர், மேலே ஏறவேயில்லை. ஏன் வாசித்தீர் என்று கேட்டோம். "எட்டு மணி நேரம் மிஷின் முன்னாடி நின்னுட்டு வர்றேன். ரயில்ல உக்காந்தா கண்ணு சொக்கும். தூங்கிட்டா மொரப்பூரு போயிடும், சாமல்பட்டியிலதான் முழிப்பேன். அதுக்குத்தான் படிச்சேன்" என்றார். களைத்த ஒருவனை விழித்திருக்கச் செய்து, தன் ஊரில் இறங்கச் செய்த நூலைப் பயனற்றதென்று சொல்ல எமக்கு நா எழவில்லை.

எம்மளவில் நிகழ்ந்ததையும் கூறுவோம். விடுமுறையின் இறுதி வாரத்தில் சிலப்பதிகாரத்தை மீண்டும் எடுத்தோம். இம்முறை கொலைக்களக் காதையில் தொடங்கினோம். பழம்பாடத்தைப் புதுக்கண்ணால் வாசித்தோம். களவு செய்த பொற்கொல்லனே கள்வனைக் காட்டிக்கொடுக்கின்றான். அரசன் ஒரு வினாவும் வினவாமல் ஆணையிடுகின்றான். கோவலனைக் கண்ட காவலர், இவன் கொலைத்தண்டத்திற்கு உரியவனல்லன் என்று ஐயுறுகின்றனர். பொற்கொல்லனோ கள்வர்தம் தந்திரங்களைப் பற்றி நெடிதாகப் பேசி அவ்வையத்தை நீக்க முயல்கின்றான். குற்றவாளி அளவுக்கு மிஞ்சிப் பேசுவான் என்பதைப் பரண் நாவல்கள் எமக்கு முன்னரே கற்பித்திருந்தன! பின்னர்க் கண்ணகி அவையேறி, கண்ணீரை மட்டும் நம்பாமல் தடயத்தையும் முன்வைக்கின்றாள். தேவியின் சிலம்பில் முத்து. தன் சிலம்பில் மாணிக்கம். உடைத்துக் காட்டியவுடன் வழக்கு முடிந்தது. விவிலியத் தானியேல் நூலின் இணைப்புப் பகுதியில், சூசன்னாவைப் பழித்த முதியோர் இருவரையும் தனித்தனியே நிறுத்தி, எம்மரத்தின்கீழ்க் கண்டீர் என்று தானியேல் வினவுவதும், இருவரும் வெவ்வேறு மரத்தைக் கூறி அகப்படுவதும் இத்தகையதே. கண்ணகிக்கு முன் அவ்வினாவை வினவ அரசவையில் ஒருவரும் இல்லாமற்போயினரே என்று அன்றிரவு நெடுநேரம் உறக்கமின்றிக் கிடந்தோம். அதன்பின் அரங்கேற்று காதையையும் கடந்தோம். எளிதாகக் கடந்தோம் என்று பொய் கூறமாட்டோம்.

ஒரு கட்டை விடுதிக்குக் கொண்டுவந்தோம். இப்பொழுது அது அறைக்கு அறை செல்கின்றது. எவரிடம் உள்ளதென்று எமக்கே தெரியாது. இறுதியேடு இல்லாத நாவலுக்குத்தான் கேட்போர் மிகுதி. உணவுக்கூடத்தில் அதுபற்றி இரு கட்சிகள் எழுந்துள்ளன. கம்பவுண்டரே கொலைஞன் என்பது எம் கட்சி. இறந்தவரின் தமக்கையாரே என்பார் எண்ணிக்கையில் மிக்கவர். எனினும் நின்றுபோன கடிகாரத்திற்கு அவர்கள் இன்னும் விடை கூறவில்லை.