பத்து நாள் படுக்கையில் ஒரு கிலோ சதை!

நடந்து வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்த பெரியவர், பத்து நாள் கழித்து ஸ்ட்ரெச்சரில் வீடு திரும்புகிறார். நிமோனியாதான் குணமாகிவிட்டதே, பிறகு ஏன் ஸ்ட்ரெச்சர்? கேட்டால், "வயசாச்சு இல்லே?" என்கிறார்கள். பத்து நாளில் எத்தனை வயசு கூடியது?

வயசு அல்ல, கட்டில்தான் காரணம்! நோயே இல்லாத முதியவர்களை 10 நாள் படுக்க வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2007-ல் வெளியானது. இரண்டு கால்களிலும் சேர்த்து ஏறத்தாழ ஒரு கிலோ சதை கரைந்திருந்தது. காய்ச்சலோடு, கஞ்சியும் இறங்காமல் கிடக்கிற உடம்பு என்ன ஆகும்? போதாததற்கு, மல்லாந்தே கிடந்தால் மூச்சு ஆழமாகப் போகாது; சளி உள்ளேயே தங்கும்.

2003-ல் இன்னொரு அமெரிக்க ஆய்வு. நிமோனியா நோயாளிகளை, சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் கட்டிலை விட்டு இறக்கி, 20 நிமிஷமாவது உட்கார வைத்தார்கள் அல்லது நடக்க வைத்தார்கள். அவ்வளவுதான் வைத்தியம்! நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டினார்கள். ஆஸ்பத்திரி வாசம் சராசரியாக ஒரு நாள் குறைந்தது. லீவு போட்டுவிட்டுத் துணைக்கு உட்கார்ந்திருக்கும் மகனைக் கேளுங்கள், ஒரு நாள் என்றால் என்னவென்று.

இங்கே முதல் தடை சொந்தக்காரர்கள்தான். "அசையாதீங்கப்பா, பேசாம படுங்க" என்று போர்த்தி விடுகிறோம். பாசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாத்ரூம் போகக்கூட எழுப்பாத பாசம், அப்பாவின் காலைத்தான் வாங்குகிறது.

அதற்காகத் தரதரவென்று இழுத்து நிறுத்தவும் கூடாது. மூச்சு வாங்கும்போதும், பி.பி. இறங்கியிருக்கும்போதும் பொறுக்கத்தான் வேண்டும். டாக்டர் சரி என்றால் ஆக்சிஜன் குழாயோடேயே உட்காரலாம். காலையில் ரவுண்ட்ஸ் வரும்போது, "இன்னிக்கு இவரை உட்கார வைக்கலாமா சார்?" என்று கேட்டுப் பாருங்கள். பிசியோதெரபி எலும்பு முறிவுக்கும் பக்கவாதத்துக்கும் மட்டும் அல்ல.

சென்னை பெரியாஸ்பத்திரியில் 1978-லேயே முதியோர் மருத்துவம் தொடங்கியாயிற்று. கிண்டியில் 2024-ல், 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் மருத்துவமனையும் திறந்தாயிற்று. நல்லதுதான். ஆனால் நிமோனியா வந்த முதியவர்கள் எல்லோரும் கிண்டிக்கா போக முடியும்? மற்ற ஆஸ்பத்திரிகளின் பொது வார்டில் இரண்டு கட்டிலுக்கு ஒன்றாவது கைப்பிடி வைத்த நாற்காலி போடுங்கள். இப்போது கிடப்பது ஒரு ஸ்டூல். அதிலும் துணைக்கு வந்தவர் உட்கார்ந்திருக்கிறார்!