அந்த ஸ்டிக்கர் எங்கே, டாக்டர்?

நாற்காலியை விட்டு எழுந்து முதல் மூன்று அடி வைப்பதற்குள் உயிர் போய்விடுகிறது. தொடை எலும்புக்குள் ஆப்பு அடிப்பதுபோல ஒரு குத்து. நாலாவது அடியில் கொஞ்சம் அடங்கும். மேல்பட்டாம்பாக்கம் ஸ்டேஷனில் பாசஞ்சர் ஏற வேண்டுமானால் பேரன் பின்னாலிருந்து தூக்கிவிட வேண்டும். அறுபத்து மூன்று வயதில் எனக்கு இந்த மானக்கேடு வேண்டுமா?

இடுப்பு மூட்டை மாற்றியபோது, "சிமெண்ட் இல்லாத மூட்டும்மா, உங்க எலும்பே வளர்ந்து பிடிச்சுக்கும், ஆயுசுக்கும் கவலையில்லை" என்றீர்களே! ஏழு வருஷத்தில் ஆட்டம் கண்டுவிட்டது. கேட்டால், "கீழே உட்கார்ந்திருப்பீங்க" என்று பழியை என் தலையில் கட்டுகிறீர்கள். என் மகள் கல்யாணத்திலேயே பாயில் உட்காராமல், மூலையில் நாற்காலி போட்டு இலையை மடியில் வைத்துச் சாப்பிட்டவள் நான்.

பாண்டியில் வேறொரு டாக்டர்தான் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, உலோகத்துக்கும் எலும்புக்கும் நடுவே ஓடும் கறுப்புக் கோட்டைக் காட்டினார். ஆரம்பத்தில் மூட்டு 0.15 மில்லிமீட்டர், அதாவது இரண்டு மயிரிழை கனம், அசைந்துகொண்டிருந்தாலே எலும்புக்குப் பதில் நார்ச்சதை வளர்ந்துவிடுமாம். நன்றாகப் பிடித்தாலும், மூட்டுக் கிண்ணத்து பிளாஸ்டிக் தேய்ந்து விழும் தூளை உடம்பு எதிர்க்கப் போய், சுற்றியிருக்கும் எலும்பு கரையுமாம். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதா? தெரிந்துமா ஆயுசுக்கும் என்றீர்கள்?

இப்போது பிரித்து மாற்ற வேண்டும். எந்தக் கம்பெனி, என்ன சைஸ் என்கிறார் அவர். டிஸ்சார்ஜ் சீட்டில் "சிமெண்ட் இல்லாத இடுப்பு மூட்டு" என்று ஒரே வரி. பெட்டிக்குள் லாட் நம்பர் போட்ட ஸ்டிக்கர் வருமாமே, அதில் ஒன்றை என் கையில் கொடுத்தால் குறைந்தா போயிருப்பீர்கள்? மிக்சிக்கு அட்டை பீரோவில் இருக்கிறது. இடுப்புக்கு இல்லை.

யாருக்கு எந்த மூட்டு என்ற விவரம் இல்லாவிட்டால் என்ன ஆகும், பாருங்கள். ஜான்சன் அண்ட் ஜான்சனின் ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டை 2010-ல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். அது உலோகத்தோடு உலோகம் உரசும் வகை, என்னுடையது அதில்லை. இந்தியாவில் சுமார் 4,700 அறுவைகள். அதில் 3,600 பேருக்கு மேல் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை என்று 2018-ல் வெளிவந்த அரசுக் கமிட்டி அறிக்கை சொன்னது. அவர்களில் எத்தனை பேர் என்னைப்போல ஒற்றை வரிச் சீட்டோடு வலியை விழுங்கிக்கொண்டு கிடக்கிறார்களோ!

அடுத்த மாதம் எனக்கு மறுபடியும் ஆபரேஷன். பெட்டி பிரித்த அன்றே ஸ்டிக்கர் பேரன் கைக்கு வரும் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் மேஜையில் ஏறுவேன்.